டைட்டானிக்கில் ‘ஸ்டார்போர்ட்’ என்ற கட்டளைக்குக் கப்பல் ஏன் இடப்பக்கம் திரும்பியது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்போர்ட் என்றால் கப்பலின் வலப்பக்கம், போர்ட் என்றால் இடப்பக்கம் என்று அறிந்திருக்கிறீர்கள். 1912 ஏப்ரல் 14 இரவு பனிப்பாறையைக் கண்டதும் டைட்டானிக்கின் முதல் அதிகாரி மர்டாக் ‘ஹார்ட் ஏ ஸ்டார்போர்ட்’ என்று கட்டளையிட்டதாகவும், கப்பல் இடப்பக்கம் திரும்பியதாகவும் வாசித்திருக்கிறீர்கள். கட்டளையிட்டவர் தடுமாறினாரா, வீலைப் பிடித்திருந்தவர் தவறாகச் சுழற்றினாரா, அல்லது பின்னால் எழுதியவர்கள் பக்கத்தை மாற்றிவிட்டார்களா என்பது உங்கள் ஐயம். மூன்றும் இல்லை. மர்டாக் கப்பலை இடப்பக்கம் திருப்பவே விரும்பினார், அதற்கு அன்றைய பிரிட்டிஷ் கப்பல்களில் வழங்கிய சரியான கட்டளை ‘ஸ்டார்போர்ட்’ என்பதுதான். நான் வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்து, பின்னர் பயிற்சி மாணவர்களுக்குச் சுக்கான் கட்டளைகளைக் கற்பித்தவன். இந்தக் கேள்வி வகுப்பில் திரும்பத் திரும்ப எழும். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டளையில் உள்ள பக்கம் எதைக் குறிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்று ‘ஸ்டார்போர்ட்’ என்று கட்டளையிட்டால் கப்பலின் முன்முனை, அதாவது அணியம், வலப்பக்கம் போகவேண்டும் என்று பொருள். மர்டாக் காலத்துப் பிரிட்டிஷ் மாலுமிக்கு அந்தச் சொல் அணியத்தைக் குறிக்கவில்லை. சுக்கான் தண்டைக் குறித்தது. சுக்கான் பலகையின் தலையில் பொருத்தப்பட்டு, கப்பலின் உட்புறம் நோக்கி முன்னால் நீண்டிருக்கும் கட்டைதான் அந்தத் தண்டு. அதை வலப்பக்கம் தள்ளினால், அச்சுக்கு அப்பால் நீரில் இருக்கும் பலகை இடப்பக்கம் திரும்பும். கப்பலும் இடப்பக்கம் திரும்பும். நம் கடற்கரையில் அவுட்போர்டு மோட்டார் பொருத்திய ஃபைபர் படகைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பின்னால் அமர்ந்திருப்பவர் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளுவார், படகு இடப்பக்கம் வளையும். ‘ஹார்ட் ஏ ஸ்டார்போர்ட்’ என்பதன் முழுப் பொருள், ‘சுக்கான் தண்டை வலப்பக்கக் கடைசி வரை தள்ளு’ என்பதே.

இப்படியொரு தலைகீழ் வழக்கம் எப்படி நிலைத்தது என்பதற்குப் பாய்க்கப்பல் காலத்துக்குப் போகவேண்டும். வட ஐரோப்பியக் கப்பல்களில் தொடக்கத்தில் சுக்கான் பின்புறத்தின் நடுவில் இருக்கவில்லை. வலப்பக்கத்தில் பின்னோக்கிக் கட்டிய பெரிய துடுப்பே சுக்கானாக இருந்தது. நார்வேயில் தோண்டி எடுக்கப்பட்ட ஓசெபெர்க், கோக்ஸ்டாட் வைக்கிங் கப்பல்களில் அதை இன்றும் காணலாம். திசை திருப்பும் துடுப்பு இருந்த பக்கம் என்பதாலேயே வலப்பக்கத்துக்கு ஸ்டார்போர்ட் என்ற பெயர் வந்தது, இதில் ஐயமில்லை. இடப்பக்கத்துக்குப் பழைய பெயர் லார்போர்ட். அது சரக்கு ஏற்றும் பக்கம் என்ற பொருளில் வந்தது என்று பெரும்பாலோர் சொல்வார்கள். பொருந்தக்கூடிய விளக்கம்தான், ஆனால் முந்தையதைப் போல உறுதியானது அல்ல. துடுப்பு கரையில் மோதி உடையாமலிருக்க எதிர்ப்பக்கத்தைத் துறைமுகத்தோடு அணைத்து நிறுத்துவது இயல்பு என்பதால், போர்ட் என்ற பெயரும் அதே பக்கத்துக்குச் சேர்ந்தது. ஸ்டார்போர்ட், லார்போர்ட் என்ற இரண்டும் காற்றிரைச்சலில் ஒன்றுபோலக் கேட்டதால், 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைக் கைவிட்டுப் போர்ட் என்றே சொல்ல ஆணையிட்டது. 1846-இல் அமெரிக்கக் கடற்படையும் அவ்வாறே செய்தது. சுக்கான் கட்டளைகளில் மட்டும் போர்ட் என்ற சொல் 17-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. ஒரு எழுத்தைச் சரியாகக் கேட்காததால் கப்பல் பாறையில் ஏறக்கூடும் என்னும் இடத்தில், இந்த எச்சரிக்கை முதலில் கட்டளைகளில் தோன்றியதில் வியப்பில்லை.

12-ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் சுக்கான் பின்புறத்தின் நடுவுக்கு வந்தது. அதை அசைத்தது தண்டு. அப்போது அதிகாரி கட்டளையிட்டதும் தண்டைப் பிடித்திருந்தவர் தன் கையில் இருந்த பொருளை எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்பதையே நேராகக் கேட்டார். அந்த நிலையில் அது தலைகீழ் வழக்கமே அல்ல, மிக நேரான வழக்கம். மேலும் பாய்க்கப்பலில் வலம், இடம் என்பவற்றைவிடக் காற்று வரும் பக்கம், காற்று போகும் பக்கம் என்ற வேறுபாடே முதன்மையானது. பக்கவாட்டில் காற்று வீசும்போது கப்பல் சாய்வதால், காற்று வரும் பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருக்கும். ஆகவே தண்டை மேட்டுப் பக்கம் ஏற்றினால் அணியம் காற்றை விட்டு விலகும், பள்ளத்துப் பக்கம் இறக்கினால் அணியம் காற்றை நோக்கி ஏறும். ‘ஹெல்ம் அப்’, ‘ஹெல்ம் டவுன்’ என்ற கட்டளைகள் இதிலிருந்து வந்தவை. காற்றை ஊடறுத்துத் திரும்பும்போது பாய்ப்படகு ஓட்டுபவர்கள் இன்றும் கூவும் ‘ஹார்ட் ஏ லீ’ என்பதும் தண்டைப் பற்றிய பேச்சுதான். கட்டளை கேட்டவருக்குத் தண்டும் தெரிந்தது, காற்றும் முகத்தில் பட்டது. எனவே குழப்பத்துக்கு இடமிருக்கவில்லை.

சிக்கல் வீலோடு வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய கப்பல்களில் தண்டைக் கயிற்றால் இழுக்கும் சக்கரம் பொருத்தப்பட்டது. பொதுவாக, வீலை இடப்பக்கம் சுழற்றினால் அணியமும் இடப்பக்கம் போகும்படி கயிறு கட்டப்பட்டது; அப்போது கீழ்த்தளத்தில் கண்ணுக்குத் தெரியாத தண்டு வலப்பக்கம் போகும். இப்போது வீல், சுக்கான் பலகை, அணியம் மூன்றும் ஒரு பக்கம், தண்டு மட்டும் மறுபக்கம். ஆனால் கட்டளை தண்டின் பெயரிலேயே தொடர்ந்தது. நீராவிக் கப்பல் வந்தபிறகு நிலைமை இன்னும் விசித்திரமானது. டைட்டானிக்கின் வீல், டெலிமோட்டார் என்ற நீரழுத்தக் குழாய் வழியாகக் கப்பலின் பின்கோடியில் இருந்த நீராவி இயந்திரத்துக்குச் செய்தி அனுப்பும். அந்த இயந்திரமே ஏறக்குறைய 100 டன் எடையுள்ள சுக்கானை அசைக்கும். 269 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலின் மேல்தளத்தில் நின்றவர்கள், தாங்கள் பார்க்கவே முடியாத, கையால் தொடவே தேவையில்லாத ஒரு தண்டின் பெயரால் கட்டளையிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆயினும் பயிற்சி பெற்ற மாலுமிக்கு ‘ஸ்டார்போர்ட்’ என்ற ஒலி கேட்டதும் கை தானாக வீலை இடப்பக்கம் சுழற்றும். அவர்களுக்கு அது மொழிபெயர்ப்பு அல்ல, அனிச்சைச் செயல்.

இனி அந்த இரவுக்கு வருவோம். விசாரணைகளில் உறுதியாகப் பதிவானவை இவை. கப்பலின் முன்கம்பத்தின் மேலிருந்த காவல் கூண்டில் காவலிருந்த ஃபிரெடரிக் ஃப்ளீட் மணியை மூன்று முறை அடித்துவிட்டுத் தொலைபேசியில் நேர் எதிரே பனிப்பாறை என்று அறிவித்தார். வீலைப் பிடித்திருந்த ராபர்ட் ஹிச்சன்ஸ், மர்டாக்கிடமிருந்து ‘ஹார்ட் ஏ ஸ்டார்போர்ட்’ என்ற கட்டளை வந்ததாகவும், அருகில் நின்ற ஆறாம் அதிகாரி ஜேம்ஸ் மூடி அதைத் திரும்பச் சொல்லி, சுக்கான் முழுமையாகத் திரும்பிவிட்டது என்று அறிவித்ததாகவும், மோதலுக்கு முன் கப்பல் இரண்டு பாயின்ட் அளவு போர்ட் பக்கம் திரும்பியிருந்ததாகவும் சாட்சியமளித்தார். திசைமானியின் வட்டம் 32 பாயின்டுகளாகப் பிரிக்கப்படுவதால் ஒரு பாயின்ட் என்பது 11¼ பாகை. இரண்டு பாயின்ட் 22½ பாகை. பின்னர் அதே அமைப்புள்ள ஒலிம்பிக் கப்பலை ஏறத்தாழ அதே வேகத்தில் ஓட்டிச் சோதித்தபோது, அவ்வளவு திரும்ப 37 வினாடிகள் ஆயின. பனிப்பாறை உரசியது ஸ்டார்போர்ட் பக்கத்தில், முன்பகுதியில். அணியம் இடப்பக்கம் விலகிக்கொண்டிருந்த கப்பலில் அடி வலப்பக்கத்தில் விழும். கட்டளை, செயல், காயம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

2010-இல், உயிர்பிழைத்த இரண்டாம் அதிகாரி லைட்டோலரின் பேத்தி ஒரு கூற்றை வெளியிட்டார். பாய்க்கப்பலில் தண்டுக் கட்டளை, நீராவிக் கப்பலில் அணியம் போகவேண்டிய பக்கத்தையே சொல்லும் நேர்க்கட்டளை என இரண்டு முறைகள் அப்போது வழக்கில் இருந்தன என்றும், பதற்றத்தில் ஹிச்சன்ஸ் வீலை முதலில் எதிர்ப்பக்கம் சுழற்றிவிட்டார் என்றும், குடும்பத்தில் இது இரகசியமாகக் காக்கப்பட்டது என்றும் அவர் சொன்னார். செய்தித்தாள்களில் அது பெரிதாக வந்ததால் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். எனக்கு அது ஏற்புடையதல்ல. குடும்பத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்தக் கூற்று நிற்கும் அடித்தளம் பிழையானது. 1912-இல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் பாய்க்கு ஒன்று, நீராவிக்கு ஒன்று என இரண்டு முறைகள் இருக்கவில்லை. இரண்டிலும் தண்டுக் கட்டளைதான். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1915 மே மாதம் லுசிட்டானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டபோது, தன் இடப்பக்கத்தில் இருந்த அயர்லாந்துக் கரையை நோக்கிக் கப்பலைத் திருப்பக் கேப்டன் டர்னர் இட்ட கட்டளையும் ‘ஹார்ட் ஏ ஸ்டார்போர்ட்’ என்பதே. குழம்புவதற்கு இரண்டாவது முறை இருந்தால் அல்லவா ஹிச்சன்ஸ் குழம்பியிருப்பார்? மேலும், கட்டளை நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே மூடி அவர் அருகில் நின்றிருந்தார்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. ஐயத்துக்கு உரியவை அடுத்த சில வினாடிகளைப் பற்றியவை. நான்காம் அதிகாரி பாக்ஸ்ஹால், மோதலுக்குப் பின் மர்டாக் கேப்டன் ஸ்மித்திடம், பனிப்பாறையைச் சுற்றிப் போர்ட் செய்ய, அதாவது போர்ட் என்று கட்டளையிட, எண்ணியதாகவும் ஆனால் அது மிக நெருங்கிவிட்டதாகவும் சொன்னதைக் கேட்டதாகச் சாட்சியமளித்தார். கப்பலோட்டம் அறியாதவருக்கு இது முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றும். உண்மையில் மிகப் பொருளுள்ள நகர்வு. கப்பல் திரும்பும்போது, சாலையில் வண்டி போல முன்சக்கரத்தின் வழியே பின்சக்கரம் போவதில்லை. சுக்கான் தள்ளுவது பின்புறத்தைத்தான். முன்னோக்கி ஓடும் கப்பல், அணியத்துக்குப் பின்னால் நீளத்தின் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான ஓரிடத்தைச் சுற்றிச் சுழலும். அணியம் இடப்பக்கம் கொஞ்சம் போகும்போது, பின்புறம் வலப்பக்கம் அதைவிட அகலமாக வீசிவரும். ஆகவே அணியம் பாறையைக் கடந்ததும் சுக்கானை எதிர்ப்பக்கம் மாற்றாவிட்டால், பின்புறம் பாறையின் மேல் போய் இடிக்கும். அந்த மாற்றத்துக்கான கட்டளை ‘ஹார்ட் ஏ போர்ட்’: தண்டு இடப்பக்கம், அணியம் வலப்பக்கம். மர்டாக் மனத்தில் இருந்தது இந்த இரட்டை வளைவே என்று நான் கருதுகிறேன்.

அந்த இரண்டாவது கட்டளை உண்மையில் இடப்பட்டதா என்பதில் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. அப்போதுதான் பிரிட்ஜுக்குள், அதாவது கப்பலைச் செலுத்தும் மேடைக்குள், நுழைந்த குவார்ட்டர் மாஸ்டர் (சுக்கான் பிடிக்கும் பணியுள்ள மாலுமி) ஆலிவர் ‘ஹார்ட் ஏ போர்ட்’ என்ற கட்டளையைக் கேட்டதாகச் சொன்னார். வீலைப் பிடித்திருந்த ஹிச்சன்ஸ் அப்படி ஒன்றைக் குறிப்பிடவேயில்லை. உரசல் முன்பகுதியோடு நின்றுவிட்டது, பின்புறம் அடிபடவில்லை என்பது ஆலிவரின் பக்கம் சாய்கிறது. ஆனால் சுக்கான் பிடித்தவரின் மௌனத்தை எளிதில் ஒதுக்கவும் முடியாது. இயந்திரங்களுக்கு அனுப்பிய கட்டளையும் இப்படித்தான்: முழு வேகத்தில் பின்னோக்கி என்று டெலிகிராப் (பிரிட்ஜிலிருந்து இயந்திர அறைக்குக் கட்டளை காட்டும் கருவி) காட்டியதாகப் பாக்ஸ்ஹாலும், நிறுத்து என்றே வந்ததாக இயந்திர அறையில் இருந்த, இயந்திரங்களுக்கு எண்ணெயிடும் கிரீசர் ஸ்காட்டும் சொன்னார்கள். மர்டாக்கும் மூடியும் அன்றிரவே இறந்துவிட்டதால் இவற்றைத் தீர்க்கக்கூடியவர்கள் விசாரணைக்கு வரவில்லை. ஒரு பக்கத்தை உறுதியாகச் சொல்லும் கட்டுரைகளை நீங்கள் வாசித்தால், அந்த உறுதி எழுதியவருடையது, பதிவுகளுடையது அல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்டுக் கட்டளை கைவிடப்பட்டது டைட்டானிக்கால் என்று சிலர் எழுதுவதும் சரியல்ல. பிரிட்டிஷ் மாலுமிகளிடையே அது குழப்பம் தரவில்லை. குழப்பம் தந்தது நாடுகளுக்கிடையிலான வேறுபாடு. ஐரோப்பிய நாடுகள் சில முன்னரே நேர்க்கட்டளைக்கு மாறியிருந்தன. அமெரிக்கக் கடற்படை 1913-இல் சுக்கான் கட்டளைகளில் போர்ட், ஸ்டார்போர்ட் இரண்டையும் விட்டுவிட்டு இடம், வலம் என்றே சொல்லத் தொடங்கியது. (கப்பலின் பக்கங்களுக்கு மட்டும் பழைய பெயர்களை அது வைத்துக்கொண்டது. வீலைப் பிடிப்பவர் எப்போதும் முன்னோக்கியே நிற்பதால் அவருக்கு இடம் வலம் மாறாது; தளத்தில் நடமாடுபவருக்கு மாறும். நல்ல பகுத்தறிவுதான்.) ஆறு, துறைமுகம் என்று நுழையும்போது அந்த நீர்வழியை அறிந்த உள்ளூர் வழிகாட்டியான பைலட் ஏறிக் கட்டளையிடுவார், வீலில் நிற்பவர் வேறு நாட்டவராக இருப்பார். ஒருவருக்கு ‘ஸ்டார்போர்ட்’ என்றால் வலம், மற்றவருக்கு இடம் என்றால் குறுகிய வாய்க்காலில் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

1929 மே 31-இல் லண்டனில் கையெழுத்தான கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 41-ஆவது பிரிவு இதை முடித்துவைத்தது. 1931 ஜூன் 30 நள்ளிரவுக்குப் பின் எல்லாக் கப்பல்களிலும் கட்டளை நேர்பொருளில்தான் இடப்படவேண்டும். கப்பல் முன்னோக்கிச் செல்கையில் ஸ்டார்போர்ட் என்ற சொல், வீலும் சுக்கான் பலகையும் அணியமும் மூன்றும் வலப்பக்கம் போகவேண்டும் என்ற கருத்தில் மட்டுமே வரவேண்டும் என்று அது கூறியது. பட்டியலில் தண்டுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிரிட்டன் இதை 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக ஏற்று, 1933 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது.

இன்று நாங்கள் கற்பிப்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்ற தரப்படுத்திய சொற்றொடர்களை. ‘மிட்ஷிப்ஸ்’ என்றால் சுக்கான் நடுவில். ‘போர்ட் டென்’ என்றால் சுக்கான் இடப்பக்கம் 10 பாகை. ‘ஹார்ட் ஏ போர்ட்’ என்றால் இடப்பக்கக் கடைசி வரை, பெரும்பாலான கப்பல்களில் அது 35 பாகை. கட்டளையை வீலில் நிற்பவர் திரும்பச் சொல்லவேண்டும், நிறைவேற்றியதும் மீண்டும் சொல்லவேண்டும், அதிகாரி சுக்கான் கோணமானியைத் தன் கண்ணால் பார்த்து உறுதிசெய்யவேண்டும். மாணவர்கள் இந்தத் திரும்பச் சொல்லுதலை வெறும் சடங்கு என்று முதலில் எண்ணுவார்கள். நான் அதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. பதில் வராத கட்டளை கேட்கப்படாத கட்டளை என்றே கொள்ளவேண்டும்.

பழைய விசாரணைப் பதிவுகளை நீங்கள் தொடர்ந்து வாசிக்கப்போவதாக எழுதியிருப்பதால் ஒரு எச்சரிக்கை. 1933-க்கு முந்தைய பிரிட்டிஷ் பதிவில் சுக்கான் கட்டளையை மட்டும் திருப்பிப் பொருள்கொள்ளுங்கள். பனிப்பாறை ஸ்டார்போர்ட் பக்கம், விளக்கு போர்ட் பக்கம், கப்பல் போர்ட் பக்கம் திரும்பியது என்பன போன்ற கூற்றுகளில் போர்ட் இடமே, ஸ்டார்போர்ட் வலமே; அவை ஒருபோதும் தலைகீழாக இருந்ததில்லை. வினைச்சொல்லாக வரும் இடத்தில்தான் கவனம் வேண்டும்: ‘போர்ட் செய்தார்’ என்றால் கட்டளை போர்ட், எனவே கப்பல் வலப்பக்கம் போனது. பிற நாட்டுக் கப்பலின் பதிவாக இருந்தால், அந்த நாடு எப்போது நேர்க்கட்டளைக்கு மாறியது என்பதைப் பார்க்காமல் இந்த விதியைப் பயன்படுத்தாதீர்கள். ஆண்டு தெரியாவிட்டால், மோதலில் எந்தப் பக்கம் அடிபட்டது என்பதிலிருந்து பின்னோக்கிச் சரிபார்ப்பது கட்டளையின் சொல்லை நம்புவதைவிடப் பாதுகாப்பானது.